விழா நாள் அளவு

ஆறு மாதம் கழித்து நடக்கப்போகும் உலக விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழா அணிவகுப்புக்கு இப்போதே கோட்டு வந்துவிட்டது. விழா நாளில் உடம்பு எப்படி இருக்குமோ, அதை முன்கூட்டியே கணித்து அந்த அளவுக்குத்தான் அணியின் தையல் இயந்திரம் தைக்கும். இதுவரை பிசகியதே இல்லை. துப்பாக்கி சுடும் வீராங்கனை ஜெஸ்லின் போட்டுப் பார்த்தாள். தோள் கச்சிதம். வயிற்றில் மட்டும் ஒரு முழத் துணி தொங்கியது.

“வேற யாருக்கோ தச்சத மாத்தி அனுப்பிட்டானுவ,” என்றான் கணவன் ஜெபசிங்.

ஜெஸ்லின் விரல்விட்டு எண்ணினாள்.

“எனக்குப் பத்து நாள் தள்ளிப் போயிருக்கு.”

அவன் முகம் மலர்ந்து, உடனே வாடியது. “அப்போ உன்னப் போவ விடமாட்டாவளே?”

கோட்டின் இடுப்பைத் தடவியவளின் விரலில் கொடிக்கம்பம் செருகும் தோல் உறை தட்டுப்பட்டது. அணிக்கு முன்னால் கொடி பிடித்து நடப்பவருக்கு மட்டுமே அது உண்டு. வயிற்றில் இடிக்காதபடி அதைப் பக்கவாட்டில் தள்ளித் தைத்திருந்தது இயந்திரம்.