கறுப்புத் துணிக்குள் மாமனார்

“உசுரு இருக்குதா, போயிடுச்சா?” என்றார் கண்ணாடிக் கடை கரீம் பாய், துண்டு மூட்டையைப் பிரிக்காமலே.

“போயிடுச்சு பாய். நாலு துண்டு.” அருள்குமார் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “மாமனாரு மத்தியானம் வூட்டுக்கு வராரு. அதுக்குள்ள ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆக்கிடணும்.”

மூட்டைக்குள் இருந்தது ஒரு பழைய மரப்பெட்டிக் கேமரா. கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு பார்ப்பார்களே, அந்த வகை. பின்பக்கம் உருவம் விழுகிற சொரசொரப்புக் கண்ணாடிதான் உடைந்திருந்தது.

“எப்படி ஒடைச்ச?”

“நான் எங்க ஒடைச்சேன்? ஆடிக்கு அப்பா அழைக்க வராருன்னு போன வாரம் நிர்மலா ஒட்டடை அடிச்சா. குச்சி நழுவி இது மேலயே வுழுந்துடுச்சு.”

“அப்ப மாமனாருகிட்ட, ‘உங்க பொண்ணுதான் ஒடைச்சா’ன்னு சொல்லிட வேண்டியதுதான?”

“நானும் அதான் சொன்னேன். ‘நீங்க ஒடைச்சிருந்தா உங்களைத் திட்டுவாரு. நான் ஒடைச்சேன்னு சொன்னா, ஒடையற எடத்துல ஏன் வெச்சீங்கன்னு உங்களைத் திட்டுவாரு’ன்னுட்டா.”

கரீம் பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடை முழுக்க மாட்டியிருந்த நிலைக்கண்ணாடிகளிலும் அவரே சிரித்தார்.

“சிரிக்காதீங்க பாய். ஏரியூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட அவரு கடை ஒண்ணு சும்மா பூட்டிக் கெடக்குது. ‘என் கேமராவைக் கண்ணு மாதிரி பாத்துக்கங்க மாப்ள, ஆடிக்கு வரப்ப சாவியத் தரேன், ஸ்டூடியோ வெச்சுக்கங்க’ன்னு கல்யாணத்துல இதக் குடுக்கறப்ப சொன்னாரு. இன்னிக்கு சாவியோட வராரு.”

“மனுஷன் கேமராவுல அவ்வளவு கெட்டியா?”

“மாதையன் போட்டோ புடிக்காத கல்யாணம் பென்னாகரம் தாலுக்காவுலயே இல்லையாம். அந்தக் கண்ணாடியில ஈ ஒக்காந்து எழுந்தாக்கூட எனக்குத் தெரியும்பாரு. நான் டிஜிட்டல் கேமராவைத் தூக்குனா, ‘பொம்மைய வெச்சு வெளையாடப் போறீங்களா மாப்ள’ம்பாரு.”

அருள்குமார் பெங்களூரிலிருந்து கூரியரில் வரவழைத்திருந்த புதுக் கண்ணாடி ஒரு நூல் அகலம் அதிகம். சட்டத்தில் உட்காரவில்லை. கரீம் பாய் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்து, வழவழப்பான பக்கத்தை மேலே திருப்பிப் போட்டார். சொரசொரப்பில் கட்டர் பிடிக்காது.

கட்டரை மண்ணெண்ணெயில் நனைத்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பு.

“மூச்சு வுடாத தம்பி. எனக்குக் கை ஆடுது.”

குறட்டால் அந்த மெல்லிய ஓரத்தைக் கடித்துக் கடித்து எடுத்தார். கடைசிக் கடியில் ‘டிக்’ என்றது. மூலையில் கடுகளவு சில்லு பறந்தது.

“போச்சு!”

“என்ன போச்சு? சட்டத்துக்குள்ள மறைஞ்சுடும்.”

“பாதிதான் மறையும் பாய். ஈ கதையத்தான் சொன்னேனே!”

உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு ஓரத்தை இழைத்து, சொரசொரப்புப் பக்கம் உள்ளே இருக்கும்படி பொருத்தினார். பிறகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கேமரா வழியாகத் தெருவைப் பார்த்தவர் அலறினார்.

“யா அல்லா! தொப்பூர் எறக்கத்துல லாரி கவுந்த மாதிரி டவுன் பஸ்ஸு கவுந்தாப்புலயே போவுது! தப்பா மாட்டிட்டனா தம்பி?”

“இல்ல பாய், இந்த வகைக் கேமராவே அப்படித்தான். எப்பவும் தலைகீழாத்தான் காட்டும். சில்லு தெரியுதா, அதச் சொல்லுங்க.”

“உத்துப் பாத்தா தெரியுது.”

“அவரு உத்துத்தான் பாப்பாரு.”

வீட்டுக் கூடத்தில் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றவும், மாமனார் வாசலில் செருப்பைக் கழற்றவும் சரியாக இருந்தது. மஞ்சப்பை ஒரு கையில், சாவி இன்னொரு கை விரலில்.

“எங்க என் ராசா?”

“இங்கதான் இருக்கேன் மாமா, வாங்க.”

“உங்களைக் கேக்கல மாப்ள.” மாதையன் நேராகக் கேமராவிடம் போனார்.

“சாப்பிட்டுட்டுப் பாக்கலாம்ப்பா, கொழம்பு ஆறுது,” என்றாள் நிர்மலா.

“ஆறுனா சுட வெச்சுக்கலாம். ரெண்டு பேரும் அந்தச் செவுத்துகிட்ட நில்லுங்க. மாதையன் மாதையன்னு ஊரே ஏன் சொல்லுச்சுன்னு இன்னிக்குக் காட்டறன்.”

கறுப்புத் துணி அவர் தலையை விழுங்கியது. துணி வலது பக்கம் சாய்ந்தது. இடது பக்கம் சாய்ந்தது. அப்புறம் முழங்கால் வரைக்கும் குனிந்தது.

“மூலையத்தான் தேடறாரு,” என்றாள் நிர்மலா, உதடு அசையாமல்.

“நானே சொல்லிடறேன்.”

“வாயத் தொறந்தீங்கன்னா சாவி போச்சு.”

துணிக்குள்ளிருந்து நீளமாக ஒரு ‘ம்ம்ம்’ வந்தது. அருள்குமாரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “மாமா... அந்தக் கண்ணாடி வந்து...”

“தெரியும்!” துணியை உதறிக்கொண்டு மாதையன் வெளியே வந்தார். முகமெல்லாம் சிவந்து கிடந்தது. சாவி சட்டைப் பைக்குள் போய்விட்டது. “என்னத்தையோ பண்ணிப்புட்டீங்க மாப்ள, ரெண்டு பேரும் தலைகீழாத் தொங்கறீங்க! நான் புடிச்ச அத்தனை கல்யாணத்துலயும் இது நேராத்தான் காட்டுச்சு!”