ம் கொட்டிய சுவர்

"நான் கதை படிச்சா புள்ள மட்டுமில்ல, இந்தச் சுவரும் 'ம்' கொட்டும்!" என்று மருதப்பன் பீற்றியதும் அவர் மனைவி பூவிழிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்த அறுபது மாடிக் குடியிருப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சுவர்தான் கதை படித்துத் தூங்கவைக்கும். இந்த வீட்டுச் சுவர் பூவிழியின் குரலில் படிக்கும், கொட்டாவிகூட விடாது. மகள் நறுமுகைக்கு ஒரு நாளாவது தானே படிக்க வேண்டும் என்று மருதப்பன் ஒரு புத்தகத்தோடு வந்து நின்றார்.

"கொட்டலைன்னா புத்தகம் பரணுக்குப் போயிரும். அப்புறம் என்னைக்கும் சுவர்தான். சம்மதமா?" என்றாள் பூவிழி.

"சம்மதம் தாயி!"

யானை கிணற்றில் விழுந்த கதையை அவர் திக்கித் திணறிப் படித்தார். அவர் பிளிறிய பிளிறல் அறுபதாவது மாடிக்கே எட்டியிருக்கும். வரிக்கு வரி 'ம்' கொட்டிய நறுமுகை, யானை விழுந்த இடத்திலேயே உறங்கிப்போனாள். அதைக் கவனிக்காமல் அவர் படித்துக்கொண்டே போனார்.

'ம்' மட்டும் நிற்கவில்லை.

பூவிழி தன் வாயைப் பொத்திப் பார்த்தாள். அவள் குரலேதான், ஆனால் சுவரிலிருந்து வந்தது. அவளுக்குப் புல்லரித்தது. லட்சம் கதை படித்த சுவருக்கு இதுவரை யாரும் ஒரு கதை படித்துக் காட்டியதில்லை.

மகள் தூங்குவதைப் பார்த்து மருதப்பன் புத்தகத்தை மூடினார்.

"அப்புறம்?" என்றது சுவர்.

"ஏங்க, ஒத்துக்கிறேன், கொட்டுச்சு," என்றாள் பூவிழி மெல்ல. "மூடாதீங்க. யானை கரையேறுச்சான்னு அதுக்குச் சொல்லுங்க."