யாரிடமிருந்து தொற்றியது

சிவப்பு விளக்கில் நிற்காமல் போய் லாரியில் மோதி இறந்தான் என் மூத்த மகன் ஆதவன். அந்தப் பழக்கம் யாரிடமிருந்து தொற்றியது என்று விசாரிக்க, சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கு வந்திருந்தார்.

“எங்க பரம்பரையிலயே அந்த நோய் கிடையாதும்மா” என்றேன் ஆய்வாளரிடம்.

“ஏன் மாமா, அவரைச் சின்ன வயசுல பைக் டேங்க்ல உட்கார வச்சு, சிக்னல்ல பறந்தது யாரு?” என்றாள் மருமகள்.

ஆய்வாளர் என் பெயரை எழுதிக்கொண்டார். “டேங்க்ல வேற யாரு உட்கார்ந்தாங்க ஐயா?”

“இளையவன் முகிலன். இப்போ ஸ்கூல் வேன் ஓட்டிக்கிட்டு இருப்பான்.”

“போன் போடுங்க. ஓட்டும்போது எடுத்தா அவருக்கும் இருக்கு.”

என் அழைப்பை என் பிள்ளைகள் இரண்டாவது மணி அடிக்க விட்டதில்லை. எடுத்துவிடாதே என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

குழந்தைகளின் கூச்சலுக்கு நடுவே குரல் கேட்டது.

“சொல்லுங்கப்பா.”