பொட்டு வைக்க ஒரு கருவி

ஆயுத பூஜையன்று மங்கை சந்தனக் கிண்ணத்தோடு கணவர் செல்லப்பெருமாளின் வேலையறைக்கு வந்து திகைத்து நின்றாள். மேஜை மேல் ஒன்றுமே இல்லை.

"ஏங்க, எதுக்குப் பொட்டு வைக்கிறது?"

அவரும் தேடினார். கம்ப்யூட்டர் ஏழு கடல் தாண்டி நார்வேயில் ஏதோ ஒரு குளிர் அறையில் இருந்தது. போன வருஷம் வரை இங்கே திரையும் கீபோர்டும் ஸ்பீக்கருமாவது இருந்தன. இப்போது படம் நேராகக் கண்ணுக்குள் வந்தது, சத்தம் காதுக்குள் வந்தது, காற்றில் விரலை ஆட்டினால் அங்கே எழுத்து விழுந்தது. "வயரே இல்லாத ஆபீஸ்" என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்ட மகானுபாவர் அவர்தான்.

சட்டென்று யோசனை வந்து, அந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கும் கருவிகளின் பட்டியலைக் கண்ணுக்குள் வரவழைத்து உரக்கப் படித்தார்.

"பிரிண்டர், கேமரா... ரெண்டும் நார்வேயிலேயே இருக்கு. அப்புறம்... செல்லப்பெருமாள்."

மங்கை உடனே அவர் நெற்றியில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்து, மிக்சிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

"பூஜையில வச்சதை நாளைக்குக் காலை வரைக்கும் எடுக்கக் கூடாது. பேசாம இருங்க."

அவருக்கு உள்ளூர சந்தோஷம். சும்மா இருக்க இப்படி ஒரு வழி இருப்பது இருபது வருஷமாகத் தெரியாமல் போயிற்றே! பொரிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இன்று பூஜையில் இருக்கிறேன், வேலை செய்ய இயலாது" என்று ஆபீசுக்கு விரலாட்டினார்.

முதல் பிடிப் பொரியை வாயில் போடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"பரவாயில்லை. வேறொன்றை இணைத்துவிட்டோம்."