இடது பக்க இருக்கை

மீட்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை மெக்கானிக் அழகுமலை நகத்தால் கிள்ளி எடுத்தான். அதற்கு அடியில், எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பொட்டு வெச்சு மறைச்சா நோவு போயிருமாண்ணே?”

விஜயகுமாருக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டு வேட்டியும் பட்டுச் சட்டையுமாகப் பழனிசெட்டிபட்டிப் பட்டறையில், எண்ணெய் படாத இடம் தேடிக் கால் மாற்றி மாற்றி நின்றான்.

அனுமந்தன்பட்டியில் அவனுக்கு இன்று நிச்சயம். அம்மாவும் சொந்தக்காரர்களும் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். பெண்ணின் அண்ணன் டிராவல்ஸ் நடத்துகிறவன். காருக்குள் ஏறிப் பார்க்காமல் விடமாட்டான். இந்த விளக்கைப் பார்த்தால் சபையிலேயே சொல்லிச் சிரிப்பான்.

அழகுமலை ஸ்கேனரைச் சொருகினான். புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று எழுத்து வந்தது. ஷோரூமிலும் இதையேதான் சொல்லி, முழுசாக மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

“மாத்துறதுன்னா மாத்திரு. சீக்கிரம்.”

“பொறுண்ணே. பழி யாரு மேலன்னு பாத்துக்கிருவோம்.”

பொறுக்கத்தான் முடியவில்லை. விஜயகுமார் பட்டறை வாசலுக்கும் காருக்கும் நடையாய் நடந்தான். சிகரெட்டைப் பற்ற வைத்து, பாதியில் மிதித்து அணைத்தான். அம்மா வேறு போன் மேல் போன் போட்டாள்.

காரைத் தூக்கி நிறுத்தி, புகை வரும் வாயைத் துணியால் அடைத்து, குழாய் நெடுகச் சோப்புத் தண்ணீர் அடித்தான் அழகுமலை. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓரிடத்தில் நுரை குபுகுபுவென்று பொங்கியது. குழாயில் விரிசல். மேகமலை ரோட்டுக் கல் ஏதோ அடித்திருக்க வேண்டும். அதன் வழியே புகுந்த காற்று சென்சாரை ஏமாற்றி, நன்றாக இருந்த கன்வெர்ட்டரைக் குற்றவாளியாக்கியிருந்தது.

“விரிசல வெல்டிங்ல பத்த வெச்சாப் போதும்ண்ணே. கன்வெர்ட்டர் தங்கமா இருக்கு.”

விஜயகுமாருக்கு உயிர் வந்தது. ஆனால் அழகுமலை அடியிலிருந்து வெளியே வரவில்லை. அவனுடைய விரல், காரின் தரையிலிருந்த ஒரு துளை வழியே, இடது பக்க முன் இருக்கையின் காலடியில் எட்டிப் பார்த்தது.

“இந்த ஓட்டைய யாருண்ணே போட்டது? நேரா விரிசலுக்கு மேல இருக்கு. கண்ணாடிய ஏத்திட்டு இங்கன உக்காந்தவுகளுக்குத் தல சுத்தி, மயக்கம் வந்திருக்குமே? ஆளையே முடிக்கிற புகைண்ணே இது.”

“அப்படி யாரும் இல்ல,” என்றான் விஜயகுமார்.

முதல் மனைவி நதியா அந்த இருக்கையில்தான் உட்காருவாள். கல்யாணமான புதிதில், மேகமலை வளைவுகளில் எல்லாரையும் போல அவளும் வாந்தி எடுத்தாள். எரிகிற விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று நெற்றிப் பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டியவளும் அவள்தான்.

அம்மா, பேயோட்டும் கோடாங்கியை அழைத்து வந்தாள். காத்துக் கறுப்பு கால் வழியாக ஏறுகிறது என்றார் அவர். அவள் காலடியில், காருக்கு அடியில், செப்புத் தகடு தொங்க வேண்டும் என்றார். அதற்குக் கம்பி விட ஒரு துளை வேண்டும் என்றார்.

டிரில்லை வாங்கி வந்து துளை போட்டவன் விஜயகுமார்.

அதற்குப் பிறகுதான் அவள் மயங்கி விழ ஆரம்பித்தாள். மலைக்குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சால்வைக்குள் சுருண்டிருப்பாள். சின்னமனூர் வருவதற்குள் கண் செருகிவிடும். இறக்கிப் படுக்க வைத்துக் காற்றுப் பட்டதும் தெளிந்துவிடுவாள். “ஆடி முடிச்சுட்டுப் போயிருச்சு” என்பாள் அம்மா. விஜயகுமாருக்கு ஒன்றும் செய்ததில்லை. அவன் எப்போதும் தன் பக்கக் கண்ணாடியை இறக்கி, சிகரெட்டும் கையுமாகத்தான் ஓட்டுவான்.

பேய் பிடித்தவளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று ஊர் கூடி இருவரையும் பிரித்துத் தீர்த்து விட்டார்கள். அவள் சின்னமனூரில் தாய் வீட்டில் இருக்கிறாள். தகட்டை ஆற்றில் போட்டாயிற்று.

அழகுமலை விரிசலைப் பற்ற வைத்தான். துளைக்கு ஒரு ரப்பர் மூடியை அழுத்திச் செருகினான். ஸ்கேனரில் தவறை அழித்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். விளக்கு எரியவில்லை.

“இனி வரப்போற அண்ணி தாராளமா தூங்கிக்கிட்டே வரலாம்ண்ணே.”

போன் அடித்தது.

“எங்கனய்யா இருக்க? பொண்ணு வீட்டுக்காரக காத்துக்கிட்டு இருக்காக. கோடாங்கி கூட வந்துட்டாரு. இந்தப் பிள்ளைக்காச்சும் முன்னாடியே கட்டிருவோம்னு புதுத் தகடு கொண்டாந்திருக்காரு.”

விஜயகுமார் குனிந்து அந்த ரப்பர் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். நதியா கதவைத் திறப்பாளா என்று அவனுக்குத் தெரியாது.

“சின்னமனூர்ல இறங்கணும்மா,” என்றான்.

போகிற வழிதான் அது. இடது பக்கக் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு வண்டியை எடுத்தான்.