ஜெனோவா ஜன்னல்

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவந்தாக வேண்டும். தவறினால் ஆர்டரெல்லாம் பக்கத்து அச்சகத்துக்குப் போய்விடும். படம் திருத்தும் யோகேஸ்வரி, இத்தாலியின் ஜெனோவா நகரத்து அரண்மனைப் படத்தில் கடைப்பெயர் போட இடம் வேண்டி, மேல்மாடி ஜன்னல் ஒன்றை அழித்துச் சுவராக்கினாள். அச்சாகி வந்த தாளில் ஜன்னல் இருந்தது. மறுபடி அழித்தாள். மறுபடியும் இருந்தது.

"பாரம்பரியச் சின்னமாம் அண்ணாச்சி. அதுல ஆணி அடிக்கக்கூட அனுமதி கிடையாதாம்."

"அது இத்தாலியில, தாயி. இங்கன எவன் கேக்கான்?" என்றார் முதலாளி ராஜபாண்டியன். "தாஜ்மகாலுக்கே ரோஸ் கலர் அடிச்சு வித்தவுக நாம. சாயந்தரத்துக்குள்ள முடி. இல்லேன்னா நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

மூன்றாம் முறை ஜன்னல் திரும்பி வரவில்லை. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

ஆடிக்காற்றில் தாள் பறக்கிறதென்று காலையில் சாத்திய ஜன்னலைத் திறக்க யோகேஸ்வரி திரும்பினாள். அவள் மேஜைக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. சுண்ணாம்பு பழுப்பேறிய பழைய சுவர். நடுவில் ஓர் ஆணி. அதில் மாட்டியிருந்த போன வருஷக் காலண்டர், காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.