இரண்டு சிட்டிகைத் தூள்

"அந்தத் தீப்பெட்டியத் திற."

சூப்பர்வைசர் கனகசபாபதி கையை நீட்டினார். பொன்னுத்தங்கம் இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

உள்ளே குச்சி இல்லை. சாம்பல் நிறத்தில் இரண்டு சிட்டிகை தூள்.

ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே இருந்தது அந்தக் கம்பெனி. நிக்கல் தூளையும் பீங்கான் தூளையும் பசை விட்டுக் கலந்து, காயவைத்து, சலித்து டிரம்மில் அடைப்பார்கள். அச்சு மிஷினில் தேய்ந்துபோன உருளைகள்மேல் அதை நெருப்போடு பீய்ச்சிப் பூசுவார்களாம். சலிக்கும் அறையில் இரண்டே பேர். பொன்னுத்தங்கமும் முத்துப்பேச்சியும்.

காட்டிக்கொடுத்ததே முத்துப்பேச்சிதான். எடை குறைந்தால் தன் வேலையும் போய்விடுமே என்ற பயம்.

"நிக்கல் விக்கிற விலையில திருட்டு வேறயா? யாருக்கும்மா கொண்டு போற?"

பொன்னுத்தங்கம் விரலில் ஒட்டியிருந்த தூளை முந்தானையில் துடைத்தாள்.

"யாரும் கேட்டாகளா?"

"இல்ல சார்."

கனகசபாபதி அலுப்போடு நெற்றியைத் தேய்த்தார். "ஆறு வருசமா வேலை பாக்குற. ஒரு காரணம் சொல்லு, விட்டுர்றேன்."

அவள் ஒரு கணம், கதவோரம் நின்ற முத்துப்பேச்சியைப் பார்த்தாள்.

"காரணம் ஒண்ணுமில்ல சார். எடுத்துட்டேன்."

"அப்ப நாளையிலருந்து வர வேண்டாம்."

வாதாடத் தெம்பில்லாதவள்போல் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். பட்டாசு ஆபீஸ் வெடிமருந்து வேலை வேண்டாம், இங்கயாவது உசுருக்குப் பயமில்லை என்று வந்தவள். இனி திரும்ப அங்கேதான் போக வேண்டும்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் முத்துப்பேச்சி வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுனீக? என் பொழப்பும்ல போயிருக்கும்!"

கத்தியதில் இருமல் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

பொன்னுத்தங்கம் முதுகைத் தடவிவிட்டாள்.

"மூணு மாசமா இப்படித்தான் இருமுற. ஆஸ்பத்திரிக்கு வாட்டின்னா, லீவு தரமாட்டாகங்குற. அதான் நானே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். எந்தத் தூளுல வேலை செய்யுதாக, கொஞ்சம் கொண்டாங்க பாப்போம்னாரு டாக்டரு."

முத்துப்பேச்சி வாயைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாக நிமிர்ந்தாள்.

"அதை சார்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா?"

"போன மாசம் கலவை ரூமு மாடத்தி இருமுனதுக்குத்தான வீட்டுக்கு அனுப்புனாக? நான் வாயத் தொறந்திருந்தா, இன்னிக்கு வேலையத் தொலைச்சிட்டு இந்தப் பஸ்ஸுக்கு நீயில்லட்டி நின்னுருப்ப."